பக்க எண் வரிசையில் ஒரு நாவல்

இரண்டு முறை தோற்றவனுக்கு மூன்றாவது முறை பரீட்சை பயம் இருக்காது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எனக்கு இருந்தது. முதல் தடவை அது விருந்தாளி போல வந்து போனது. இரண்டாம் தடவை பெட்டியோடு வந்தது. மூன்றாம் தடவை வருவதற்குள் உடம்பு முழுக்கக் குடியேறிவிட்டது, ரேஷன் கார்டு கேட்காதது ஒன்றுதான் பாக்கி.

எழுபதுகளின் கடைசி. எனக்கு முப்பத்தொன்பது வயது. கும்மிடிப்பூண்டியில் ஓர் இரும்புக் கம்பி ஆலையில் டைம் ஆபீஸ் கிளார்க், அதாவது ஆட்கள் வந்து போகிற நேரத்தைக் குறிக்கிறவன். வீடு திருவள்ளூரில். காக்கைக்கு இரண்டு ஊரும் பக்கம்தான். ரயிலில் போகிறவன் திருவள்ளூரிலிருந்து கிழக்கே பேசின் பிரிட்ஜ் வரைக்கும் வந்து, இறங்கி, இன்னொரு வண்டி பிடித்து வடக்கே ஏற வேண்டும். பஸ்ஸிலும் போகலாம், பஸ் வந்தால். இந்த அழகில் எனக்கு மூன்று ஷிப்ட், வாரத்துக்கு ஒன்றாக மாறி மாறி. பதினான்கு வருஷம் அப்படி. என் பிள்ளைகள் என்னைப் பெரும்பாலும் தூங்குகிறவனாகத்தான் பார்த்திருக்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் 'உன் அப்பா என்ன செய்கிறார்' என்று கேட்டதற்குப் பெரியவன் 'தூங்குகிறார்' என்று எழுதிவிட்டு வந்தான்.

அந்தச் சமயத்தில் ஆலையில் தொழிலாளர் நல உதவியாளர் நாற்காலி காலியாகப் போகிறது என்று தெரிந்தது. காலை எட்டரைக்கு வந்தால் சாயந்திரம் ஐந்துக்குப் போய்விடலாம். ஞாயிறு லீவு. பர்சனல் ஆபீசர் என்னைக் கூப்பிட்டு, "ஏதோ ஒரு டிகிரி வேணும்யா. எந்த டிகிரியா இருந்தாலும் சரி. முடிச்சிட்டு வா, பாத்துக்கலாம்" என்றார். எனக்கு அது போதும். தபால் வழியில் பி.ஏ. தமிழ் சேர்ந்தேன். எல்லாத் தாளும் தேறினேன், ஒன்றைத் தவிர. புனைகதை இலக்கியம். அதில் இரண்டு முறை தோல்வி. பாடத்திட்டம் மாறப் போகிறது, பழைய பாடத்தில் எழுதுகிறவர்களுக்கு இதுதான் கடைசித் தேர்வு என்று சுற்றறிக்கை வந்தது. இந்த முறையும் போனால் எல்லாத் தாளையும் முதலிலிருந்து எழுத வேண்டும். அதற்குள் நாற்காலியில் வேறொருவன் உட்கார்ந்து, அதன் குழியே அவன் அளவுக்கு மாறியிருக்கும்.

நான் படிக்காமல் தோற்கவில்லை, சத்தியமாக. புனைகதையைப் பற்றிப் பேசுகிற சொற்கள் அத்தனையும் எனக்கு மனப்பாடம். கதைக்கரு, கதைப்பின்னல், நோக்குநிலை, முரண், உச்சம், பின்னோக்கு உத்தி, நனவோடை, தட்டைப் பாத்திரம், முழுமைப் பாத்திரம். பொருளோடு ஒரு தாளில் எழுதி, என் மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருந்தேன். தாமதமாக வருகிறவர்கள் காரணம் சொல்லி என்னிடம் கார்டு வாங்க வேண்டும். ஆரம்பாக்கத்துப் பக்கத்து ஆள் ஒருவன், உலையில் வேலை பார்க்கிற பர்னஸ்காரன், மாதம் நாலு முறையாவது லேட்.

"சார், எங்க நைனாவுக்கு நேத்துலேர்ந்து ஒரே வாந்தி சார்."

"போன மாசமும் அவருக்குத்தான்யா வாந்தி. உங்க நைனா தட்டைப் பாத்திரம். வளர்ச்சியே காணோம்."

"வளர்ச்சியா? இன்னா சார் நீ, அவுருக்கு அறுவது வயசாவுது. இனிமே எங்க வளர்றது?"

இன்னொருவன், "மீஞ்சூராண்ட சிக்னல் உழல சார், அங்கியே நின்னுகினு இருந்தோம்" என்பான். நான் தாளைப் பார்த்துக்கொண்டே, "பின்புலம் சரி. சிக்கல் எங்கே?" என்பேன்.

"சிக்கலே நீதான் சார். கார்டக் குடு, மேஸ்திரி கத்தப் போறான். பேஜாரு பண்ணாத."

இப்படி ஆலைக்கே இலக்கணம் சொல்லிக்கொண்டிருந்தவன் எப்படித் தோற்றேன்? அதற்கு விடை ஒரு தபால் உறையில் வந்தது. தேர்வுக்கு முன்னால் பயிற்சிக் கட்டுரை எழுதி அனுப்பினால் திருத்தி அனுப்புவார்கள். மூன்றாம் முறைக்காக நான் அனுப்பிய முதல் கட்டுரையின் கீழே சிவப்பு மையில் யாரோ ஒரு புண்ணியவான் எழுதியிருந்தார்: 'சொல்லுக்குப் பொருள் தந்திருக்கிறீர்கள். அது நாவலில் எங்கே இருக்கிறது என்று ஓரிடத்திலும் காட்டவில்லை. பாட நாவலைப் படித்தீர்களா?'

படிக்கவில்லை. அதுதான் உண்மை. புத்தகம் அச்சில் இல்லை. கிளை நூலகத்தில் இருந்த ஒரே பிரதியை எடுத்துப் போனவர் ஊரையே காலி செய்துகொண்டு போய்விட்டார். மூர் மார்க்கெட்டில் கேட்டால், 'இன்னொரு வாரம் கழிச்சி வா' என்று நாலு வாரமாகச் சொன்னார்கள். வண்டி ஓட்டாமல் வண்டியின் பாகங்களுக்கெல்லாம் பேர் தெரிந்தவன் போல நான் இரண்டு தடவை பரீட்சை மண்டபத்துக்குப் போய் வந்திருக்கிறேன்.

அப்போதுதான் என் அக்கா ஞாபகம் வந்தது. அக்கா இருந்தது வேப்பம்பட்டில். ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் மாமா தையல் கடை வைத்திருந்தார், ஜாக்கெட் மட்டும். அந்த நாவல் புத்தகமாவதற்கு முன்னால் வாரப் பத்திரிகையில் தொடராக வந்தது. எல்லார் வீட்டிலும் செய்வதைப் போல அக்காவும் வாரா வாரம் அந்தப் பக்கங்களை மட்டும் பிரித்தெடுத்து, அத்தியாயத்துக்கு ஒரு குண்டூசி குத்தி, தொடர் முடிந்ததும் திருவள்ளூரில் பைண்டு செய்து டிரங்குப் பெட்டியில் வைத்திருந்தாள். பச்சை காலிகோ அட்டை, முதுகில் சிவப்புத் துணி. அழகாகத்தான் இருந்தது. ஒரே ஒரு குறை. ஒவ்வொரு அத்தியாயத்தின் தலையிலும் இருக்க வேண்டிய படம் இல்லை. சதுரமாகக் கத்தரித்திருந்தது. கதாநாயகி போட்டிருந்த ஜாக்கெட்டுகள் நன்றாக இருந்தன என்று மாமா படங்களை வெட்டிக் கடைச் சுவரில் ஒட்டிவிட்டார். தலைப்பும் அத்தியாய எண்ணும் படத்தோடு போய்விட்டன. நல்லவேளை, படங்களுக்குப் பின்பக்கம் விளம்பரம்தான், கதை தப்பியது.

"எச்சி தொட்டுப் பக்கம் திருப்பாத. தாள் மூலைய மடக்காத. ரயில்ல தலைக்கு வெச்சிக்கினு தூங்காத" என்று மூன்று நிபந்தனை போட்டுத்தான் கொடுத்தாள்.

படித்தேன். பேசின் பிரிட்ஜ் பெஞ்சில் உட்கார்ந்து முதல் அத்தியாயத்தை முடித்ததும் மயிர்க்கூச்செறிந்தது. கதாநாயகனின் அஸ்தியை ஆற்றில் கரைக்கிறார்கள். முதல் அத்தியாயத்திலேயே! இரண்டாம் அத்தியாயத்தில் அதே மனிதன் பெண் பார்க்க வந்து, கேசரியை வழித்துத் தின்றுவிட்டு இன்னும் கொஞ்சம் கேட்கிறான். மூன்றாவதில் அவன் மகன் வளர்ந்து சொத்தில் பங்கு கேட்கிறான். நான்காவதில் கதாநாயகிக்குப் பதினோரு வயது, பாண்டி ஆடுகிறாள். ஐந்தாவதில் அவளுக்கு நரை.

மேசைக் கண்ணாடிக்கு அடியில் இருந்த தாள் மனசுக்குள் பற்றி எரிந்தது. பின்னோக்கு உத்தி! நனவோடை! காலத்தைச் சிதறடித்து ஞாபகத்தின் போக்கில் கோத்த மகா துணிச்சல்! இந்த ஆசிரியரை இத்தனை நாள் படிக்காமல் இருந்தோமே என்று வெட்கப்பட்டேன். முப்பது பக்கத்துக்கு இரண்டாம் கட்டுரை எழுதினேன். 'இறந்தவனைக் கேசரி தின்னவைத்ததன் மூலம் வாழ்வின் நிலையாமையை ஆசிரியர் குறியீடாக்குகிறார்' என்று ஒரு வரி. அந்த வரியை எழுதிவிட்டு எழுந்து போய்க் கண்ணாடியில் முகம் பார்த்தேன் என்பதை மறைக்க விரும்பவில்லை.

புதன்கிழமை தேர்வு. அதற்கு முந்தைய சனிக்கிழமை கட்டுரை திரும்பி வந்தது. சிவப்பு மை இந்த முறை இரண்டே வரி. 'பாட நாவலில் கதை நேராகவே செல்கிறது, பின்னோக்கு உத்தி எங்கும் இல்லை. தாங்கள் படித்தது எந்த நாவல்?'

பயந்தால் எனக்குக் கோபம் வரும். கோபம் வந்தால் நியாயம் கேட்கத் தோன்றும். திருத்தியவர் ஒரு வரியும் படிக்காமல் மை கொட்டியிருக்கிறார் என்று முடிவு கட்டிவிட்டேன். சாட்சிக்கு அக்கா இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை காலை நாஷ்டாவைக்கூட முடிக்காமல், பச்சை அட்டையைத் துண்டில் சுற்றிக்கொண்டு வேப்பம்பட்டுக்கு ரயில் ஏறினேன்.

அக்கா முறத்தில் அரிசி வைத்துக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். நான் நின்றவாக்கிலேயே ஆரம்பித்தேன். "நீயே சொல்லுக்கா. கதாநாயகன் சாவை ஆசிரியர் முதல்லயே வெச்சாரே, அது என்ன உத்தி?"

"எது முதல்ல?"

"அஸ்தி கரைக்கிறது."

அக்கா முறத்தைக் கீழே வைத்தாள். "டேய், நீ நல்லா கீறியா? அவன் செத்தது கடைசிக்கு முந்துன வாரம்டா. நான் அன்னிக்குச் சோறே பொங்கல. உங்க மாமா ஓட்டல்ல துன்னுட்டு வந்தாரு."

"இதோ பார், முதல் அத்தியாயம்."

அவள் வாங்கிப் பார்த்தாள். புரட்டினாள். இன்னும் புரட்டினாள். "இன்னாடா இது, பொண்ணு பாக்கறதுக்கு அப்பால பங்கு பிரிக்கிறான்? கொழந்த எப்ப பொறந்துச்சி?"

"பைண்டு பண்ணதும் நீ படிக்கலையா?"

"படிச்சதத் திருப்பிப் படிக்க எனக்கு வேற வேலையில்லியா? பொட்டில வெச்சேன், அவ்ளோதான்."

புத்தகத்தைப் பிடுங்கினேன். பக்கங்களின் மூலையைப் பார்த்தேன். முதல் அத்தியாயம் ஒன்பதாம் பக்கத்தில் தொடங்குகிறது. அடுத்தது பதினொன்றில். அடுத்தது பதினான்கு. கடைசி அத்தியாயம் ஐம்பத்தெட்டு. பத்திரிகைக்காரன் தொடரை ஒரு வாரம் முன்னால் போடுவான், ஒரு வாரம் விளம்பரத்துக்குப் பின்னால் தள்ளுவான். அத்தியாய எண் இல்லாத கட்டு கைக்கு வந்ததும் பைண்டர் கண்ணுக்குத் தெரிந்த ஒரே எண்ணை வைத்து, பக்க எண் வரிசையில் ஒழுங்காக அடுக்கித் தைத்துவிட்டார். நான் முப்பது பக்கம் வியந்து எழுதியது அவருடைய உத்தியை.

அங்கேயே உட்கார்ந்தேன். இன்னும் மூன்று நாள். முதலில் எனக்குத் தோன்றியது என்ன தெரியுமா? ரயில் மறியல் எதுவும் வராதா, பரீட்சை தள்ளிப்போகாதா என்பதுதான். அப்புறம் காய்ச்சல் வருமா என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். ஜில்லென்று இருந்தது. எட்டரை மணி நாற்காலி கண்ணுக்கு முன்னால் மெதுவாக நகர்ந்து போவது போலிருந்தது. அதைப் பார்த்ததும்தான் ரோஷம் வந்தது. "மாமாவோட பிளேடு எங்கக்கா?" என்றேன்.

தையலை அறுத்தோம். அத்தியாயத்துக்கு ஒன்றாக இருபத்தாறு கட்டு. அக்கா பாயை விரித்து நடுவில் உட்கார்ந்துகொண்டாள். கதையை ஒழுங்காகச் சொல்லச் சொன்னால் அவளுக்கு வரவில்லை. ஆனால் ஒரு கட்டைக் கையில் எடுத்தால் அது எந்த வாரம் என்று தெரிந்தது.

"இது உங்க மாமாவுக்குக் காமாலை கண்ட வாரம். கீழாநெல்லி அரைச்சிக்கினே படிச்சேன், பாரு பச்சைக் கறை. அதுக்கு அடுத்தது இந்த லெட்டர் வர்றது. இது தீவாளிக்கு முந்துனது. கடையில ஒரே கூட்டம், நானும் கொக்கி வெச்சிக் குடுத்துகினு கெடந்தேன், மூணு நாள் கழிச்சித்தான் பிரிச்சேன். பிரிச்சா அவ மாமியாரு ஊட்டவுட்டுத் தொரத்திட்டா. இது..." என்று ஒரு கட்டின் ஓரத்தைத் தடவி நேராக்கினாள். "இது நம்ம அம்மா ஆஸ்பத்திரியில இருந்தப்ப. பெஞ்சில குந்திகினு படிச்சேன். ஒண்ணும் மண்டையில ஏறல. ஆனா படிச்சேன்."

அதை எங்கே வைப்பது என்று நான் கேட்கவில்லை. அம்மா இறந்த மாதம் எனக்கும் தெரியும்.

சாயந்திரத்துக்குள் இருபத்து நான்கு கட்டு வரிசைக்கு வந்துவிட்டது. பதினைந்திலும் பதினாறிலும் தகராறு. கதாநாயகி வேலைக்குச் சேர்வது முன்னாலா, அண்ணன் வந்து கூப்பிடுவது முன்னாலா? இருவரும் கடைக்குப் போனோம். மாமா மிஷினில் இருந்தார். சுவர் முழுக்கக் கதாநாயகி. பெரும்பாலான படங்களில் எண் இருந்த மூலை வெட்டுப்பட்டிருந்தது. அண்ணன் வாசலில் நிற்கிற படத்தில் மட்டும், அவள் பஃப் கைக்குப் பக்கத்தில், பதினாறு என்று தெரிந்தது. நான் நன்றாகப் பார்க்க நகத்தால் ஓரத்தைக் கிளப்பினேன்.

"யோவ் மச்சான், அத்தக் கிழிக்காத! அது போட் நெக்கு. நாளைக்கி ஒரு டீச்சரம்மா அதே மாதிரி கேட்டுக்கீறாங்க."

"மாமா, என் வாழ்க்கை இதுலதான் இருக்கு."

"என் பொழப்பும் அதுலதான்யா கீது. கைய எடு."

எடுத்தேன். பதினாறு என்று தெரிந்துவிட்டதே, போதும்.

திங்கட்கிழமை ஆலைக்குப் போகும் வழியில் அந்தப் பைண்டர் கடையில் நின்றேன். சண்டை போடத்தான். பசை வாளிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவரிடம், "ஏன்யா, கதை தலைகீழாப் போச்சே, படிச்சுப் பார்த்துத் தைக்கக் கூடாதா?" என்றேன்.

அவர் நிமிர்ந்து என்னை மேலும் கீழும் பார்த்தார். "நம்பர் இருந்துச்சி சார். நம்பர் பிரகாரம் வெச்சேன். ஒம்போதுக்கு அப்பால பதினொண்ணு வருமா, ஐம்பத்தெட்டு வருமா? நீயே சொல்லு. கதைய எல்லாம் நான் படிச்சிகினு இருந்தா பைண்டு யாரு பண்றது?"

ரயிலைப் பிடிக்க ஓடினேன்.

அந்த இரண்டு நாளும் போகவர, கட்டுகளை மடியில் வைத்துக்கொண்டு நாவலைச் சரியான வரிசையில் படித்தேன். ஜன்னல் ஓரம் உட்காரவில்லை. காற்றில் ஒரு அத்தியாயம் பறந்தால் அத்திப்பட்டு உப்பளத்தில் இறங்கித் தேட வேண்டும். படிக்கப் படிக்க ஒன்று தெரிந்தது. பைண்டர் வரிசையில் கேசரிக் கட்டம் எனக்குத் துக்க வீடாக இருந்தது. ஆள் செத்தது தெரியும், அவன் இன்னும் கொஞ்சம் கேசரி கேட்கிறான். ஆசிரியர் வரிசையில் அதே கட்டம் சும்மா ஒரு நல்ல நாள். சிரித்துக்கொண்டு தாண்டிப் போனேன். ஆனால் கடைசியில் அஸ்தி கரைக்கிறபோது, யாரும் சொல்லாமலே, அந்தக் கேசரித் தட்டு வந்து கண்ணுக்கு முன்னால் நின்றது. அதே இருபத்தாறு கட்டு. ஒரு வார்த்தை கூடவில்லை, குறையவில்லை. மீஞ்சூரில் வண்டி நின்றபோது கண்ணைத் துடைத்தேன். எதிரில் இருந்தவர் கரித்தூளா என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

புதன்கிழமை. திருவள்ளூரில் ஒரு பள்ளிக்கூடம்தான் தேர்வு மையம். ஆறாம் வகுப்புப் பையன்கள் உட்காரும் பெஞ்சு. என் முழங்கால் மேசைக்கு அடியில் நுழையவில்லை. பக்கவாட்டில் உட்கார்ந்தேன், சலூனில் முறைக்குக் காத்திருப்பவன் போல. கேள்வித்தாள் வந்தது. முதல் பெரிய கேள்வி: 'கதைப்பின்னல் என்பதைப் பாட நாவலைக் கொண்டு விளக்குக.'

எல்லாம் போய்விட்டது. நோக்குநிலை, முரண், உச்சம், ஒன்றும் இல்லை. கண்ணாடிக்கு அடியில் இருந்த தாளை நினைத்துப் பார்த்தேன். கண்ணாடிதான் வந்தது. பதிவெண்ணை இரண்டு முறை எழுதி ஒன்றை அடித்தேன். பேனாவை உதறினேன். முன்னால் இருந்தவர் சட்டையில் இரண்டு மைப்புள்ளி. தண்ணீர் கேட்டேன். குடித்தேன். மறுபடி கேட்டேன். மேற்பார்வையாளர் அருகில் வந்து, "என்ன சார், உடம்பு சரியில்லையா?" என்றார். "உடம்பு நல்லாத்தான் இருக்கு சார், அதுதான் பிரச்சனை" என்றேன். அவர் என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார்.

அரை மணி போனது. எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது ஒன்றுதான், அது நான் பண்ணின முட்டாள்தனம். அதை எழுதினால் மானம் போகும். எழுதாவிட்டால் வெள்ளைத் தாள் கொடுக்க வேண்டும். கட்டுரை திருத்தியவரே இதையும் திருத்தினால்? 'அந்த ஆசாமி இவன்தானா' என்று நாலு பேரைக் கூப்பிட்டுக் காட்டுவாரே! காட்டட்டும். பதினான்கு வருஷம் ஷிப்ட் பார்த்தவனுக்கு மானம் என்ன பெரிய மானம். எழுத ஆரம்பித்தேன்.

'இந்த நாவலை நான் இரண்டு வரிசையில் படித்திருக்கிறேன். முதல் வரிசை ஒரு பைண்டருடையது. இரண்டாவது ஆசிரியருடையது.' பிறகு கை நிற்கவில்லை. கேசரியைப் பற்றி எழுதினேன். வேலைக்குச் சேர்வதற்கு முன்னால் அண்ணன் வந்து கூப்பிட்டிருந்தால் அவள் போயிருப்பாள், கதையே நின்றிருக்கும், அதனால்தான் அது பதினாறாம் அத்தியாயம் என்று எழுதினேன். மகன் பங்கு கேட்பதை முன்னால் வைத்தால் அவன் கெட்டவன், பின்னால் வைத்தால் அவன் பசித்தவன் என்று எழுதினேன். நிகழ்ச்சிகள் எல்லாம் கட்டுக்குள் கிடக்கின்றன, எது எதற்கு முன்னால் வருகிறதோ அதுதான் நம்மைப் பிடித்து ஆட்டுகிறது, கதைப்பின்னல் என்று நான் புரிந்துகொண்டது இதைத்தான் என்று முடித்தேன். மனப்பாட இலக்கணம் ஒரு வரியும் இல்லை. கூடுதல் தாள் மூன்று முறை வாங்கினேன். மேற்பார்வையாளருக்கு என்மேல் நம்பிக்கை வந்துவிட்டது என்று நினைக்கிறேன், மூன்றாம் முறை கேட்காமலே கொடுத்தார்.

முடிவு பத்திரிகையில் வந்த அன்று எனக்குக் காலை ஷிப்ட். டீக்கடையில் பேப்பரை விரித்தேன். எண்கள் எல்லாம் எறும்பு மாதிரி ஓடின. என் எண்ணைப் பார்த்தேன். தேர்வுச் சீட்டோடு ஒத்துப் பார்த்தேன். கடைக்காரரிடம் கொடுத்து அவரையும் படிக்கச் சொன்னேன். அவர் சரியாகப் படித்தார். பிறகு மதிப்பெண் பட்டியல் தபாலில் வந்தது. நாற்பத்து மூன்று. முப்பத்தைந்து எடுத்தால் போதும். எட்டு மதிப்பெண் அதிகமாக உழைத்துவிட்டேன்.

பர்சனல் ஆபீசர் பட்டச் சான்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "தமிழா? சரி. ஒண்ணாந் தேதிலேர்ந்து ஜெனரல் ஷிப்டுக்கு வா."

முதல் நாள் முடியட்டும் என்று வீட்டில் இதைப் பற்றி மூச்சு விடவில்லை. ஒன்றாம் தேதி எட்டரைக்குப் போனேன். ஐந்துக்கு வெளியே வந்தேன். பேசின் பிரிட்ஜில் வண்டி மாறி, வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது மணி எட்டு. உள்ளே பிள்ளைகள் சாப்பிட உட்கார்ந்திருந்தார்கள். என் மனைவி கரண்டியோடு எழுந்து வந்து என் முகத்தை உற்றுப் பார்த்தாள்.

"இன்னாங்க, இந்நேரத்துல வந்துகினு கீறீங்க? வேலைய உட்டுத் தூக்கிட்டாங்களா?"

"இல்லடி. இனிமே தெனமும் இப்படித்தான்."

"தெனமுமா?" என்றாள். உள்ளே திரும்பி, "டேய், தள்ளிக் குந்துங்கடா" என்று சொல்லி இன்னொரு தட்டு எடுக்கப் போனாள்.